பாதியில் நின்ற அப்டேட்

அந்த நீள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் ரசக் கறை. உள்ளே பக்கம் பக்கமாக என் கையெழுத்து. இடது பக்கம் கறுப்புத் திரையில் தட்ட வேண்டிய ஆங்கிலக் கட்டளைகள், வலது பக்கம் அவை என்ன செய்யும் என்று எனக்குப் புரிந்த தமிழ்.

இப்போது மன்னார்புரம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கொடுத்திருக்கும் லேப்டாப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றும், அணைக்காதீர்கள் என்று ஒரு வரி வரும். உள்ளே என்ன நடக்கிறதென்று அது சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாக இருக்கும். அப்படிச் சரியாக இருக்கிற நாட்களில்தான் எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வருகிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார், பந்தி முடிந்ததும் கூட்டிப் பெருக்குகிறார். வீடு பாலக்கரையில் ஒரு சந்துக்குள், ஒற்றை அறை. ப்ளஸ் டூவில் பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப்தான் அந்த அறையில் இருந்த பெரிய பொருள். அம்மா அதன்மேல் தன் பழைய புடவைத் துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்திருப்பார்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வந்தபோது அந்த லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வரலாம், அப்போதும் திரை வந்திருக்காது. கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்த அக்கா ஒருவர், கணினித் துறையிலேயே படித்தவர், இரண்டு பென் டிரைவ்களைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டுமே லினக்ஸ்தான், விண்டோஸுக்குப் பதிலாப் போடறது. காசு கிடையாது. இதப் போட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். இன்னொன்னு தெரிஞ்சவங்களுக்கு. நீ அதுல கை வைக்காத."

"தெரிஞ்சவங்கன்னா யாருக்கா?"

"எனக்கே ரெண்டு தடவை கண்ணுல தண்ணி வந்துச்சு. போதுமா?"

நான் அந்த இரண்டாவதைத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். இது உனக்குச் சரிப்படாது என்று யார் சொன்னாலும் அதைத்தான் எடுப்பது என்று ஒரு பழக்கம் எனக்கு. ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் கேட்டபோதும் அப்படித்தான்.

செமஸ்டர் விடுமுறை. பென் டிரைவைச் செருகித் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். 'அடுத்து' என்று அழுத்த ஒரு பொத்தான் இல்லை. ஹார்ட் டிஸ்க் வட்டை எத்தனை பங்காகப் பிரிக்க வேண்டும், எந்தப் பங்கில் எது இருக்க வேண்டும், கடிகாரம் எந்த ஊர் நேரம் காட்ட வேண்டும், சுட்டி நகர எந்த மென்பொருள் வேண்டும் என்று எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டும். சொல்லாத எதுவும் அதில் இருக்காது.

வழிமுறை முழுவதும் இணையத்தில் இருந்தது. இணையம் அப்பாவின் போனில் இருந்தது. அப்பாவும் போனும் விடியற்காலையே மண்டிக்குப் போய்விட்டு மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவார்கள். சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கும் நேரம் போன் எனக்கு. அந்த நேரத்தில் வழிமுறைப் பக்கங்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் காலை செய்து பார்ப்பேன். தப்பாகிவிட்டால் மறுபடி இரண்டு மணி வரை காத்திருக்க வேண்டும்.

"என்னடி, ஒரே வரியையே திருப்பித் திருப்பி எழுதிட்டிருக்க? தப்பு பண்ணிட்டியா?" என்று அம்மா கேட்டார்.

"தப்பு பண்ணாம இருக்கத்தாம்மா எழுதறேன்."

நான்காம் நாள் அது எழுந்து நின்றது. ஆனால் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழ் எழுத்துருவும் நாமே கொண்டுவந்து போட்டால்தான் உண்டு. அதையும் தேடிப் போட்டேன். கட்டங்கள் எழுத்துகளாக மாறியபோது அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இது நம்ம எழுத்துல்ல?" என்றார். பஸ் பலகையில் பார்த்துப் பார்த்து அதன் சாயல் தெரியும் அவருக்கு.

அதன்பிறகு என் லேப்டாப் பொத்தானை அழுத்திய சில நொடிகளில் வந்து நிற்கும். கூடப் படித்தவர்களின் புது லேப்டாப்கள் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். அவர்களும் என்னைப் பார்த்துக்கொள்ள வாய்ப்புகள் இருந்தன. ஒரு மாதம் என் லேப்டாப்பில் சத்தமே வரவில்லை. கல்லூரி வைஃபை பிடிக்கும், விட்டுவிடும். எல்லோரும் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்யும்போது நான் ஒலி அட்டையின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பேன். ஓர் இணைய மன்றத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பத்து வரி எழுதி உதவி கேட்டேன். எங்கிருந்தோ ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: கையேட்டைப் படி. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சாமானியமானது அல்ல. ஆனால் படித்தேன். கையேட்டில் இருந்தது. இரண்டு சொல்லை மாற்றினேன், சத்தம் வந்துவிட்டது.

அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கையேட்டைப் பிடித்தது. உங்கப்பா என்ன பண்றாரு, எந்த ஊரு, எந்த மீடியம் என்று அது யாரிடமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தது. படிக்கத் தெரிந்தால் போதும். எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய 'போதும்' என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பெருமையில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அம்மா வேலை பார்க்கும் மண்டபத்தின் ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஆமையாகத்தான் இருந்தது. மேனேஜர் அம்மாவிடம் புலம்பியிருக்கிறார். "எம் பொண்ணு சரி பண்ணிடும் சார்" என்று அம்மா சொல்லிவிட்டார். நான் போய் அதில் இதையே போட்டுக் கொடுத்தேன். சுலபமானதைப் போட்டிருக்கலாம். அதை நான் மதிக்கவில்லை. ஒரு வாரம் மேனேஜர் என்னைப் புகழ்ந்தார். அடுத்த முகூர்த்த நாளில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. மண்டபம் பதிவு செய்ய வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் வகுப்பில் இருந்தேன், அவர் அப்பாவின் போனுக்கு அழைத்தது தெரியாது. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பழையதையே திரும்பப் போட்டுக்கொண்டார். "ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டற வண்டிய எனக்கு எதுக்கும்மா குடுத்த?" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அதன்பிறகு அந்தப் பக்கம் போக எனக்குக் கூச்சமாக இருந்தது.

இறுதி ஆண்டு திட்டப்பணிக்கு நான் எடுத்துக்கொண்டதும் அந்த மண்டபத்தைத்தான். ஒரு கல்யாணத்தில் எவ்வளவு சாப்பாடு மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லும் நிரல். எத்தனை பேருக்குச் சமையல், காலைப் பந்தியா இரவுப் பந்தியா, என்ன கிழமை என்பதெல்லாம் உள்ளே போகும். மிஞ்சியது எவ்வளவு என்பதை அம்மா சொல்வார். எட்டு மாதம், ஒவ்வொரு கல்யாணம் முடிந்தும் வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்கு முன் சொல்வார். "இன்னைக்குச் சோறு மூணு வாளி, சாம்பார் ஒரு வாளி, பாயசம் வழிச்சு நக்கிட்டாங்க." நான் அப்படியே லேப்டாப்பில் ஏற்றிக்கொள்வேன். வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மதியம் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடவில்லையென்றால் அரியர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை விளக்கிச் சொல்லவே ஆள் கிடையாது.

சனிக்கிழமை மதியம் படங்களை வரைய ஒரு சின்ன மென்பொருள் வேண்டியிருந்தது. அதைப் போட வேண்டுமானால் முதலில் மொத்தத்தையும் புதுப்பித்துக்கொள் என்றது லேப்டாப். மூன்று மாதமாக நான் புதுப்பிக்கவில்லை. இரண்டு ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும். அப்பாவின் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி.

பாதியாகப் புதுப்பிக்கக் கூடாது, முழுதாகப் புதுப்பி, இல்லையேல் தொடாதே என்று கையேடு சொல்கிறது. அந்த வரியை நான் நோட்டிலேயே எழுதி வைத்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் எதைத்தான் முழுதாக வாங்கியிருக்கிறோம்? எண்ணெய் நூறு, டீத்தூள் ஒரு பாக்கெட், ஷாம்பு ஒரு சாஷே. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி. வாழ்க்கையே அப்படி ஓடும்போது ஓர் அப்டேட் ஓடாதா என்றுதான் தோன்றியது. பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். முதல் பாதியை இறக்கிப் போட்டேன். போனில் டேட்டா முடிந்தது. மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

பத்து நிமிடத்தில் ஒவ்வொரு மென்பொருளாகத் திறக்க மறுத்தது. புதிதாக வந்த பாதி, பழைய பாதியோடு பேச மறுத்துவிட்டது. ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அணைத்தேன். அதன்பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. கறுப்புத் திரையில் நான்கு வரி, கடைசி வரியில் அந்தச் சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

என்ன செய்ய வேண்டுமென்று தெரியும். அக்கா கொடுத்த மாதிரி ஒரு பென் டிரைவ் இருந்தால் வெளியிலிருந்து உள்ளே புகுந்து மீதிப் பாதியையும் போட்டுவிடலாம். அந்தப் பென் டிரைவை நான் அழித்து, ஸ்டுடியோவில் போட்டோ பிரின்ட் எடுக்கப் பயன்படுத்தியிருந்தேன். அக்கா வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். மறுபடி எழுத இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும், கல்லூரி லேப் திங்கட்கிழமைதான் திறக்கும். தென்னூர் வரைக்கும் நடந்தேன். நெட் சென்டர்காரர், "பென் டிரைவெல்லாம் போடக் கூடாதும்மா, வைரஸ் வரும். பிரின்ட் எடுக்கணும்னா சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா எழுந்து உட்கார்ந்தார். "நான் தூங்கினப்ப போன்ல ஏதாச்சும் தப்பா ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. நான் அவசரப்பட்டுட்டேன்."

அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "வாளியெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சா?"

"ஆமாம்மா."

"நாளைக்கு மண்டபத்துல முகூர்த்தம் இருக்கு. எங்கூட வா."

ஞாயிறு காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டினேன். அம்மா நோட்டை வைத்துக்கொண்டார். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஆபீசில் அறைச் சாவிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஜினியர். ஒரு வருசமா பிரிண்டர் நல்லா ஓடுது. அது பொறுக்கலையா?"

அம்மா கதவருகில் நின்று, "சார், புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை" என்றார்.

"பரீட்சைன்னா வீட்ல உக்காந்து படிக்கணும். கல்யாணத்துக்கு எதுக்கு வந்துச்சு?"

நான் நடந்ததைச் சொல்லி, பென் டிரைவில் எழுத அவர் கம்ப்யூட்டரைக் கேட்டேன். அவர் சாவிகளைக் கீழே வைத்தார்.

"எனக்குப் போட்டுக் குடுத்தியே, அதே சாமானா?"

"அதேதான் சார்."

"உங்கிட்டயே கெட்டுப் போச்சா?" அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அது கெடல சார். நான்தான் கெடுத்தேன். உங்க கம்ப்யூட்டர்லயும் நான்தான் தப்பு பண்ணேன். உங்களுக்கு அத போட்டிருக்கக் கூடாது."

அவர் பிரிண்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இதுல ஒன்னையும் மாத்த மாட்டியே? உங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

"எம்மேல எதுக்கு சார்," என்றார் அம்மா. "உங்க பிரிண்டர் மேல பண்ணச் சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டு எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

கெட்டிமேளம் கொட்டும்போது பென் டிரைவில் எழுதி முடிந்திருந்தது. ஆபீசிலிருந்து ஒரு நீள ஒயரைப் பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக் கொடுத்தார் மேனேஜர். வாழைக்காய்க் கூடைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். வட்டை ஏற்று. உள்ளே போ. முழுதாகப் புதுப்பி. மண்டபத்து இணையத்தில் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கியது. அணைத்துப் போட்டேன். மறுபடி அதே கறுப்புத் திரை.

நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். முதன்முதலாகப் போட்ட நாட்களில் சிவப்புப் பேனாவால் நானே எழுதியிருந்தேன்: துவக்கப் பங்கையும் ஏற்ற மறக்காதே, நேற்று மறந்தாய். லேப்டாப் எழும்போது முதலில் தேடும் பங்கு அது, இரண்டு வருடம் கழித்தும் அதையே மறந்திருந்தேன். அந்த வரியை எழுதிய பெண்ணின் மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இதற்குள் அம்மா எனக்கு ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் தட்டினேன். ரசம் நோட்டில் கொட்டி அட்டை வரை ஓடியது. துடைக்காமல் தொடர்ந்தேன். இரண்டாம் பந்தி இலை எடுக்கும்போது லேப்டாப் எழுந்து நின்றது. கோப்பைத் திறந்தேன். முதல் கல்யாணம் முதல் கடைசிக் கல்யாணம் வரை எல்லா வாளிகளும் இருந்தன.

அம்மாவிடம் சொல்லப் போனேன். அவர் குழாயடியில் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இருக்கும்மா" என்றேன். "இருக்கும்ல" என்று அண்டாவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஸ்டோர் ரூமுக்குத் திரும்பும்போது, மிஞ்சிய சோற்றில் ஒரு வாளியை மேனேஜர் ஆள் வைத்து வெளியே தூக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்.

திங்கள் மதியம் என் முறை வந்தது. புரொஜெக்டர் ஒயரைச் செருகினேன். படம் வரவில்லை. மற்றவர்களுக்குச் செருகியதும் வந்தது. என்னுடையதில் இன்னொரு திரை இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஒரு வரி தட்டினேன். சுவரில் படம் விரிந்தது.

தேர்வாளர் முன்னால் சாய்ந்தார். "இந்த சிஸ்டம் உங்களுக்கு யாரு போட்டுக் குடுத்தாங்க?"

"நானே போட்டேன் சார்."

"இது அடிக்கடி உடையுமே?"

"நேத்துக்கூட உடைஞ்சிருந்துச்சு சார்."

"அப்புறம்?"

"சரி பண்ணிட்டேன் சார்."

அவர் தலையாட்டினார். ஒரு கல்யாணத்தை வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். நேற்றைய கல்யாணத்தையே உள்ளே கொடுத்தேன். ஐந்து வாளி மிஞ்சும் என்றது நிரல்.

"உண்மையில எவ்வளவு?"

"நாலு வாளின்னு எங்கம்மா எண்ணினாங்க சார்."

"ஒரு வாளி உதைக்குதே."

"அஞ்சுதான் சார். ஒரு வாளிய மேனேஜர் எதிர்ல இருக்கற ஆட்டோ ஸ்டாண்டுக்குக் குடுத்தனுப்பிட்டாரு. அம்மா அண்டா தேய்ச்சிட்டிருந்தாங்க, பாக்கல. நான் இதச் சரி பண்ணிட்டு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பறப்ப பாத்தேன்."

அவர் சிரித்தார். பின்னால் சிரித்தவர்களும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்கு வலிக்கவில்லை. தேர்ச்சி பெற்றேன். நல்ல மதிப்பெண்தான்.

இப்போது வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. அப்பாவின் போன் அப்பாவிடமே இருக்கிறது. அலுவலக வேலைக்கு அலுவலக லேப்டாப். யாராவது லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னால் சுலபமானதைத்தான் போட்டுத் தருகிறேன், பிரிண்டரை முதலில் சோதித்துவிட்டு. பழைய லேப்டாப்பில் பேட்டரி போய்விட்டது, மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும். அதில் செய்ய எனக்கு வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து முழுதாகப் புதுப்பிக்கிறேன். வரிகள் மேலே ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா மிக்ஸி போட லேப்டாப் செருகியிருக்கும் அந்தப் பிளக்தான் வேண்டும். சட்னித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். பிளக்கைத் தொடமாட்டார்.

"முழுசா இறங்கிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம்மா."

"இறங்கட்டும். சட்னிக்கு என்ன அவசரம்."